பக்கத்து ஊருக்கு விமானத்தில்

மைமூனாவை ஊஜ்தாவிலிருந்து திலிம்சானுக்குக் கட்டிக்கொடுத்தபோது பெண் வீட்டில் ஒருவரும் அழவில்லை. நாடு வேறு என்பது உண்மைதான். பெண் மொராக்கோக்காரி, மாப்பிள்ளை அல்ஜீரியாக்காரன். ஆனால் வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரப் பயணம். எல்லைச் சாவடியில் கூட்டமிருந்தால் இன்னும் கொஞ்சம் ஆகும். இந்தப் பக்கம் பேசுகிற அரபிதான் அந்தப் பக்கமும். கல்யாணப் பெண்ணுக்கு உடுத்துகிற உடுப்பும் பாடுகிற பாட்டும்கூட ஒன்றுதான்.

"தூரத்து ஃபெஸ்ல குடுத்திருந்தா அழுதிருப்பேன்," என்று அவள் தாய் ஃபாத்னா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "இது பக்கத்து ஊரு. புருஷனோட சண்ட போட்டுக்கிட்டு காலைல கிளம்பினா மத்தியான சாப்பாட்டுக்கு இங்க வந்துருவா."

தகப்பனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "எத்தனையோ காலம் மூடிக் கிடந்தத போன வருஷந்தான் தெறந்தாங்க. தெறந்தவங்களுக்கு மூடத் தெரியாதா?" என்றார். கல்யாண வீட்டில் இதைக் கேட்க யாருக்குப் பொறுமை?

மாப்பிள்ளை ஜில்லாலி ரயிலில் டிக்கெட் பரிசோதகன். எல்லை திறந்ததும் மறுபடி ஓடத் தொடங்கிய வண்டியில்தான் அவளைப் பார்த்தான். உறவுக்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவளிடம் டிக்கெட்டை வாங்கி ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து நீட்டிய கையோடு நின்றான்.

"இப்பதான பாத்தீங்க?" என்றாள் மைமூனா.

"அப்ப டிக்கெட்ட எங்க பாத்தேன்," என்றான் அவன்.

அடுத்த ஐந்து வருடம் அவள் இரண்டு வீட்டிலும் வாழ்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை குஸ்குஸ் தாய் கையால் சாப்பிடுவாள். பொழுது சாய்வதற்குள் திலிம்சான் திரும்பி ஜில்லாலிக்கு சூப் கொதிக்க வைப்பாள். தாய் ஆலிவ் ஊறுகாய் போட்டால் டாக்ஸிக்காரனிடம் கொடுத்தனுப்புவாள். அவன் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டு, காலி ஜாடியை வாங்கிக்கொண்டு போவான். ஜில்லாலியின் அக்கா ஸுலிக்காவுக்கு இது கண்ணில் உறுத்தியது. "உனக்கு வீடு இதா அதா? முடிவு பண்ணிச் சொல்லு, ஒரு நாற்காலி மிச்சமாகும்," என்பாள்.

தொண்ணூற்று நாலாம் வருடக் கோடையில் மராகேஷில் ஒரு ஹோட்டலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மொராக்கோ அரசு அல்ஜீரியாக்காரர்கள்மேல் பழி போட்டு, இனி அவர்கள் விசா இல்லாமல் வரக்கூடாது என்றது. அல்ஜீரிய அரசு கோபித்துக்கொண்டு எல்லைக் கதவையே சாத்திவிட்டது. மைமூனா அப்போது நிறைமாதம். பிரசவத்துக்குத் தாய் வருவதாக ஏற்பாடு. மூட்டையெல்லாம் கட்டி வைத்திருந்தாள் ஃபாத்னா.

"ஒரு வாரம். கோபம் தணிஞ்சா தெறந்துருவாங்க," என்றான் ஜில்லாலி.

குழந்தை ஃபெத்தி பிறந்தான், தவழ்ந்தான், பள்ளிக்கூடம் போனான். கதவு திறக்கவில்லை.

வழியே இல்லாமல் போய்விடவில்லை. எல்லையோரத்துப் பட்டிகளில் வழி தெரிந்தவர்கள் இருந்தார்கள். அல்ஜீரியப் பக்கத்திலிருந்து பெட்ரோல் கேன்களைச் சுமந்துகொண்டு கழுதைகள் ஆள் துணைகூட இல்லாமல் தாமாக எல்லை ஓடையைத் தாண்டி அக்கரை போய் இறக்கிவிட்டு வந்தன. பக்கத்துத் தெருப் பெண்கள் சிலர் அந்தத் தடத்தில் போய்த் தாய்வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததும் உண்டு. மைமூனா கேட்டபோது ஜில்லாலி குதித்தான்.

"டிக்கெட் இல்லாதவன நடுவழியில எறக்கிவிட்டவன் நான். என் பொண்டாட்டி திருட்டுத்தனமா ஓடைல எறங்கிப் போனாள்னு ஊர் பேசணுமா? பெட்ரோல் கேனோட கேனா?"

"கழுதைக்குக் கெடைக்கிற வழி எனக்குக் கெடைக்காதா?"

"சட்டப்படி வழி இருக்கு. விமானத்துல போ."

சட்டப்படியான வழி இதுதான்: திலிம்சானிலிருந்து கிழக்கே ஒரானுக்குப் போக வேண்டும், அதாவது ஊஜ்தாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அங்கிருந்து தினமும் விமானம் கிடையாது. இருக்கிற நாளுக்குக் காத்திருந்து காஸாபிளாங்கா. அது நாட்டின் அந்தக் கோடி, பெருங்கடலோரம். அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ விடிய விடிய உட்கார்ந்து, நாட்டின் அகலம் முழுக்கக் கடந்து, மறுபடி கிழக்கே ஊஜ்தா. வானம், தரை எல்லாம் அளந்து முடித்து இறங்குகிற இடத்திலிருந்து பார்த்தால், கிளம்பின ஊரின் மலைகள் மங்கலாகத் தெரியும்.

தகப்பன் இறந்த செய்தி ஒரு காலையில் தொலைபேசியில் வந்தது. அண்ணன் தையிப்தான் பேசினான். அழுதான். அழுகைக்கு நடுவே, "சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்," என்றான். அவர்கள் வழக்கத்தில் உடலைப் போட்டு வைத்துக் காத்திருப்பது கிடையாது. வழக்கம் பிறந்த காலத்தில் மகள்கள் பக்கத்து ஊரில் இருந்தார்கள்.

முகம் பார்க்க முடியாது என்று தெரிந்தேதான் மைமூனா கிளம்பினாள். ஒரானில் விமானம் கிடைத்து ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலோரத்தில் இருந்த வியாபாரி ஒருவர் பேச்சுக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கீழே கையைக் காட்டினார்.

"அதோ பாருங்க, அந்த மஞ்சச் சமவெளி. அங்கதான் ஊஜ்தா. நீங்க ஊஜ்தாதான?"

"ஆமா."

"அப்ப எதுக்கு காஸாபிளாங்கா வரைக்கும்? இங்கயே குதிச்சிருங்க," என்று சிரித்தார்.

மைமூனா ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தாள். வெயிலில் கலங்கிய ஒரு சமவெளி. அதற்குள் எங்கோ ஒரு புது மண்மேடு. "எங்க அப்பா இறந்துட்டார். அதுக்குத்தான் போறேன்," என்றாள். வியாபாரி ஜன்னல் திரையைக் கீழே இழுத்துவிட்டார். இறங்கும்போது, "மன்னிச்சுருங்க, தங்கச்சி," என்றார்.

ஊஜ்தா வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் போயிருந்தார்கள். இரவல் வாங்கிய நாற்காலிகளைத் தையிப் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "கொஞ்சம் வெச்சிருக்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டபோது அவன் முகம் சுருங்கியது.

"வெய்யக் காலத்துல அப்பாவ போட்டு வெச்சுக்கிட்டு உன் விமானம் எப்ப வரும்னு வானத்த பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா?"

சரியான பேச்சுதான். ஆனாலும் அதை அவள் மறக்கவில்லை.

வருடங்கள் போயின. எல்லையில் ஒரு பக்கம் பள்ளம் வெட்டினார்கள், மறுபக்கம் வேலி போட்டார்கள். கழுதைகளுக்கும் வழி அடைபட்டது. ஜில்லாலி ஓய்வு பெற்றான். சர்க்கரை நோய் வந்து இளைத்தான். ஃபெத்தி படித்து முடித்து மின்சாதனக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். மைமூனா மூன்று நாலு வருடத்துக்கு ஒரு தடவை ஊஜ்தா போய்வந்தாள்.

பிறகு தாய் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து, அதோடு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. தையிப் போன் செய்தான். "டாக்டர் நம்பிக்கையா ஒண்ணும் சொல்லல. அப்பறம் எங்கிட்ட யாரும் சொல்லலன்னு சொல்லாத."

ஜில்லாலிதான் அவளைக் கிளப்பினான். அவனே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தான்.

"போன தடவ முகம் பாக்கல. இந்தத் தடவ முன்னாடியே போய் உக்காந்துக்கோ."

"உங்க சாப்பாடு?"

"அக்கா பாத்துப்பா. அவளுக்கும் திட்டறதுக்கு ஆள் வேணும்ல."

மைமூனா போய்ச் சேர்ந்தபோது தாய் பேச்சில்லாமல் கிடந்தாள். மகள் வந்து கஞ்சி ஊட்ட, முதுகு துடைக்க, மெல்ல மெல்லக் கண் திறந்தாள். அப்புறம் வாயும் திறந்தது. அது திறந்தால் மூடாது. அண்ணன் மகள் இக்ராம் தேநீரோடு வந்தால், "சீனி போட்டியா, இல்ல உங்கம்மா பூட்டி வெச்சுட்டாளா?" என்பாள். மைமூனாவைப் பார்த்து, "இவ இருக்காளே, நான் எப்ப சாவேன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. மூட்டைய கட்டுடி. நான் இப்ப சாகறதா இல்ல," என்பாள். வீடே சிரிக்கும். மைமூனாவும் சிரிப்பாள், வெட்கத்தோடு. அது பொய்யும் இல்லையே.

கிளம்பலாம் என்று நினைத்த வாரம் மறுபடி ஜுரம் வந்தது. அது தணிந்து, டிக்கெட் விசாரித்தபோது மூச்சிரைப்பு வந்தது. தையிப்பின் மனைவி நஜாத் பாத்திரம் கழுவுகிற சத்தம் நாளுக்கு நாள் கூடியது. "உங்க வீட்டுக்காரர் பாவம், தனியா என்ன பண்றாரோ," என்பாள், மைமூனாவிடம் இல்லை, குழாயிடம். ஜில்லாலி போனில், "இரு, இரு. இங்க ஒண்ணும் அவசரமில்ல. அக்கா சூப்புல உப்பே போடறதில்ல, அது ஒண்ணுதான் கஷ்டம்," என்றான். அவன் குரலில் ஒரு களைப்பு இருந்தது. அவள் கவனித்தாள். தாயின் மூச்சிரைப்பு அதைவிடப் பக்கத்தில் கேட்டது.

ஒரு காலையில் ஃபெத்தியின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது ஃபெத்தி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். ரொட்டி வாங்கப் போன இடத்தில் ஜில்லாலி கடை வாசலிலேயே உட்கார்ந்தான், அப்படியே சாய்ந்துவிட்டான்.

"அடக்கம் எப்ப?" இதுதான் மைமூனா கேட்ட முதல் கேள்வி.

"மத்தியானம், லுஹர் தொழுகைக்குப் பிறகும்மா."

லுஹருக்கு இன்னும் நேரம் இருந்தது. நிறைய நேரம். அவள் தலைத்துணியைச் சுற்றிக்கொண்டு தையிப்பின் கார் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "எல்லைச் சாவடிக்கு விடு."

"மைமூனா, அங்க போய் என்ன..."

"விடுண்ணே."

ஊரைத் தாண்டி, பெட்ரோல் இல்லாமல் ஈயோட்டுகிற கடைகளைத் தாண்டி, சாவடிக்குப் போனார்கள். இரும்புத் தடுப்புகள். அதற்கு இந்தப் பக்கம் ஒரு காவலன், ஃபெத்தி வயசு இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே தார் ரோடு, அதே அகலத்தில், ஒரு வளைவு வரை போய் மறைந்தது.

"என் வீட்டுக்காரர் திலிம்சான்ல இறந்துட்டாருப்பா. மத்தியானம் எடுத்துருவாங்க. விட்டா ஒரு மணி நேரத்துல போயிருவேன். நடந்தாவது அந்தப் பக்கம் போயிடறேன், அங்க வண்டி கெடைக்கும்."

காவலன் தொப்பியைக் கழற்றினான். இறந்தவருக்காக அல்லாவிடம் மனமார வேண்டினான். தொப்பியை மறுபடி வைத்துக்கொண்டான். "யெம்மா, நான் விட்டாலும் அந்தப் பக்கம் விடமாட்டாங்க. அவங்க விட்டாலும் நான் விட முடியாது."

"யாருக்குமே தெறக்கறதில்லையா?"

அவன் தயங்கினான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "எப்பவாவது தெறப்பாங்க. யாராச்சும் இந்தப் பக்கம் செத்துப்போயி, உடல அந்தப் பக்கம் கொண்டு போகணும்னா, மேலேருந்து உத்தரவு வரும்."

"அப்ப நான் இங்கயே செத்தேன்னா அனுப்புவீங்க."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க யெம்மா."

தையிப் அவள் தோளைத் தொட்டான். அவள் தட்டிவிட்டாள். அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து ஒரு காரும் வரவில்லை. லுஹர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் தானே போய்க் காரில் உட்கார்ந்தாள்.

காஸாபிளாங்காவுக்கு இம்முறை தையிப் விமானத்திலேயே அனுப்பினான். ஆனாலும் ஒரான் விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. திலிம்சான் வீட்டுக் கதவை அவள் தட்டியபோது நாத்தனார் ஸுலிக்கா திறந்தாள்.

"வந்துட்டியா?" என்றாள். "உங்கம்மா சௌக்கியமா?"

இதைவிட அவள் அடித்திருக்கலாம்.

"கேட்டுக்கிட்டே இருந்தான், மைமூனா போன் பண்ணாளான்னு. நீ வந்தா சொல்லணும்னு சொல்லல, ஆனா சொல்லிடறேன். கால் வீங்கிப்போச்சு. உனக்குத் தெரியக்கூடாதுன்னான். தெரிஞ்சா கிளம்பி வந்துருவாளாம், வந்தப்பறம் அங்க ஏதாவது ஆச்சுன்னா வாழ்நாள் பூரா அவன குத்திக்காட்டுவாளாம்." ஸுலிக்கா தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்தாள். "உன்ன நல்லாத்தான் தெரிஞ்சு வெச்சிருந்தான்."

மைமூனா பெட்டியை உள்ளே இழுத்து வைத்தாள். தகப்பன் முகம் பார்க்க விடவில்லை என்று அவள் ஜில்லாலியைக் குத்தாத வருடம் உண்டா?

ஃபெத்தி அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நீ அங்கதான் இருக்கணும்னு ஆசப்பட்ட," என்றான்.

"உங்க அப்பாதான்டா போகச் சொன்னாரு."

"அவர் சொல்வார். நீ திரும்பி வந்திருக்கணும்."

புருஷன் இறந்த பின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா மாதங்களில் அவள் வாசல் தாண்டவில்லை. தாய் ஊஜ்தாவிலிருந்து போன் செய்வாள். எலும்பு கூடி, கைத்தடியோடு நடக்க ஆரம்பித்திருந்தாள். உடம்பு தேறத் தேற நினைவு கலைந்துகொண்டு போனது. "ஏன்டி பாதில போயிட்ட? ஜில்லாலி கூப்பிட்டானா? பொண்டாட்டிய விட்டு நாலு நாள் இருக்க மாட்டானா அவன்? போன அவன்கிட்ட குடு, நான் கேக்கறேன்," என்பாள். முதலில் மைமூனா விளக்கிச் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் தாய் புதிதாக ஒப்பாரி வைத்தாள். பிறகு, "தொழப் போயிருக்கார் யெம்மா," என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கொரோனா நோய்க்காலம் வந்து விமானங்கள் நின்றன. நோய் போனதும் இரண்டு அரசுகளும் உறவையே முறித்துக்கொண்டன. வானமும் மூடப்பட்டது. இனி காஸாபிளாங்காவுக்கு நேர் விமானம் கிடையாது. கிழக்கே துனிசியாவின் துனிஸ் போய், அங்கிருந்து இன்னொரு விமானத்தில், கடந்து வந்த தூரத்தையெல்லாம் திரும்பக் கடந்து போக வேண்டும். தாய் ஃபாத்னா அந்தக் காலத்தில்தான் இறந்தாள். தையிப் அடக்கம் முடிந்த பிறகே சொன்னான். மைமூனா அவனைத் திட்டவில்லை. கிளம்பவும் இல்லை. சமையலறைக்குப் போய் அடுப்பில் இருந்ததைக் கிளறினாள்.

ஃபெத்தி ஒரு மாலை வேலை முடிந்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். முகம் கழுவி, தலை வாரியிருந்தான்.

"யெம்மா, நானும் இக்ராமும் பேசிக்கிட்டிருக்கோம்."

தையிப்பின் மகள். ஜில்லாலி இறந்தபோது ஆறுதல் சொல்லிச் செய்தி அனுப்பினவள். அதிலிருந்து தொடர்ந்திருக்கிறது. ஒருவரையொருவர் நேரில் பார்த்துப் பல வருடம். போன் திரையில் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள். மாமன் மகள். தங்கமான பெண். ஊஜ்தாவில் இருந்த மாதங்களில் மைமூனாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள்.

"வேணாம்," என்றாள் மைமூனா.

"ஏன்னு கேக்கலாமா?"

"கேக்க வேணாம். ஒரான்ல பாரு. மக்னியால பாரு. எங்க வேணா பாரு. ரோட்டுல போய்ச் சேர்ற ஊரா பாரு."

"எல்லா நாளும் இப்படியே இருக்காது."

"நீ பொறந்த அன்னிலேருந்து இப்படித்தான்டா இருக்கு."

அவன் கெஞ்சினான், கத்தினான், ஸுலிக்காவைக்கூடத் தூது விட்டான். நான்காம் நாள் இக்ராமே அழைத்தாள்.

"அத்த, எனக்கு எல்லாம் தெரியும். துனிஸ் வழியா வந்துருவேன். ரெண்டு விமானந்தான? எங்க வீட்டுல சம்மதம்."

"வந்துருவ. கல்யாணத்துக்கு எல்லாரும் வந்து சேந்துருவாங்க. உங்கப்பன் செத்தா எப்படி வருவ?"



"அத்த..."

"கேக்கறதுக்கு பதில் சொல்லு. காலைல போன் வரும். மத்தியானம் எடுத்துருவாங்க. நீ இங்க சமையக்கட்டுல நிப்ப. அப்பறம் உன் நாத்தனார், உன் புள்ள, உன் அண்ணன், ஆளாளுக்கு உன்ன கேப்பாங்க, ஏன் வரலன்னு, ஏன் போனன்னு. நீ உன் புருஷன கேப்ப. அவன் ஒரு நாள் ரொட்டிக்கட வாசல்ல விழுந்து சாவான். வேணுமா உனக்கு?"

பெண் அழுதுகொண்டே போனை வைத்தாள். சற்று நேரத்தில் தையிப் அழைத்தான். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை.

"என் பொண்ணு வேணாம்னா வேணாம்னு சொல்லிருக்கலாம். என் சாவ எதுக்கு அவ காதுல போட்ட?"

"உன்னத்தான் கேக்கணும்ண்ணே. விமானம் எப்ப வரும்னு வானத்த பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியான்னு கேட்டவன் நீ."

அண்ணனும் தங்கையும் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான்.

ஃபெத்தி ஒரானில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். பெருநாளைக்குப் பெருநாள் போன் செய்கிறான். உடம்பு எப்படி, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்கிறான். வேறு பேச்சில்லை. கல்யாணம் என்ற வார்த்தையை அவளும் எடுப்பதில்லை.

அடுத்த வருடம் யாரோ சொல்லித் தெரிந்தது, இக்ராமை மொராக்கோவிலேயே, பெர்கானில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று. மாப்பிள்ளை ஆரஞ்சுத் தோட்டக்காரராம், கொஞ்சம் வயசானவராம். செய்தி கொண்டுவந்த ஸுலிக்கா, மைமூனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கினாள். இரண்டு பேரும் இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு.

"தங்கமான பொண்ணு. ஃபெத்திக்கு வாய்ச்சிருக்கும். கெடுத்துட்ட," என்றாள் ஸுலிக்கா. "மனசு உறுத்தலையா உனக்கு?"

மைமூனா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

"பெர்கான்லேருந்து ஊஜ்தாவுக்கு மணிக்கு ஒரு வண்டி இருக்கு," என்றாள். "அந்தக் கத்தரிக்காய இன்னும் மெல்லிசா நறுக்குங்க."